ஃப்ரோசன் சர்க்கரைவள்ளி ஃப்ரைஸ்: நுனி கருகுது, நடு துவண்டு போகுது. ஏன்?

வடவள்ளி வாசகி:

வணக்கம். கடையில் கிடைக்கும் ஃப்ரோசன் சர்க்கரைவள்ளி ஃப்ரைஸில் இரண்டு வகை இருக்கு. ஒன்றில் கிழங்கும் எண்ணெயும் மட்டும். இன்னொன்றில் கிழங்கோடு அரிசி மாவு, மாற்றியமைத்த ஸ்டார்ச், பட்டாணி மாவு, டெக்ஸ்ட்ரின் என்று ஒரு பட்டியலே போட்டிருக்கு.

முதல் வகையை ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் 12 நிமிஷம் வெச்சா நுனியெல்லாம் கறுத்துப் போகுது, நடுவில் தொளதொளன்னு தொங்குது. இரண்டாவது வகை எடுத்தவுடனே மொறுமொறுன்னு இருக்கு. ஆனா தட்டில் போட்டு ஐந்து நிமிஷத்தில் நமத்துப் போகுது, கிழங்கோட ருசியும் கம்மி. உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் அதே மெஷினில் அதே சூட்டில் ஒழுங்கா வருது.

வீட்டிலேயே பச்சையா நறுக்கி ஃப்ரீஸரில் வெச்சா இன்னும் மோசம். பொரிக்கும்போது தண்ணி விட்டு, ஸ்பாஞ்ச் மாதிரி ஆகி, நிறமும் சாம்பலாயிடுது. இது கிழங்கோட குணமா, செய்முறைக் கோளாறா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

உறைகுளிர்:

பாதி கிழங்கின் குணம், பாதி செய்முறை. குணத்தை முதலில் பார்த்துவிடலாம். அது புரிந்தால் மற்றது தானாக விளங்கும்.

உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் விறைப்பாக நிற்பதற்கு அதிலுள்ள மாவுச்சத்துதான் காரணம். சூட்டில் மாவுச்சத்து வெந்து உப்பி, மேல்பரப்பில் நீர் வற்றியதும் இறுகி ஓடு போலாகிறது. சர்க்கரைவள்ளியிலும் மாவுச்சத்து இருக்கிறது. ஆனால் கூடவே பீட்டா அமைலேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது. கிழங்கு 65 டிகிரியைத் தாண்டும்போது மாவுச்சத்து வேகத் தொடங்கும். அந்த நொதி 75 டிகிரி வரை சுறுசுறுப்பாக வேலை செய்து, வெந்த மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக வெட்டிவிடும். 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அடங்கும். ஆக, ஓடு கட்ட வேண்டிய பொருளே இனிப்பாக மாறிவிடுகிறது. நமக்குப் பிடித்த அந்த ருசியும் துவளும் குணமும் ஒரே இடத்திலிருந்து வருபவை.

இரண்டாவது சிக்கல் நிறம். சர்க்கரை அதிகம் என்பதால், உள்ளிருக்கும் நீர் வெளியேறுவதற்கு முன்பே மேல்பக்கம் சிவந்துவிடும். 200 டிகிரியில் மெல்லிய நுனிகள் கருகும் நேரத்தில் நடுப்பகுதி இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். நீங்கள் பார்ப்பது அதுதான். கருகிய நுனி கசக்கும் என்பது மட்டுமில்லை, மாவுப் பண்டங்கள் கடும் சூட்டில் கருகச் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற தீங்கான வேதிப்பொருள் சேர்கிறது. பொன்னிறம் வந்தால் போதும், எடுத்துவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது பாக்கெட்டில் மொறுமொறுப்பு கிழங்கினுடையது அல்ல, மேல்பூச்சினுடையது. அரிசி மாவும் ஸ்டார்ச்சும் சேர்ந்த மெல்லிய கரைசலில் முக்கி, தொழிற்சாலையிலேயே ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகப் பொரித்து உறைய வைத்திருப்பார்கள். அந்த ஓடு கண்ணாடி மாதிரி உடையும். ஆனால் உள்ளே ஈரக் கிழங்கு இருக்கிறதே. அந்த ஈரம் வெளியே வந்து ஓட்டை நனைத்துவிடும். சர்க்கரையும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐந்து நிமிஷம் என்பது சரியான கணக்குதான்.

லேபிளில் ஐஎன்எஸ் (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண்) 450 என்று இருந்தால் அது பைரோபாஸ்பேட். சாம்பல் நிறம் வராமல் இருக்கச் சேர்ப்பது. 415 சாந்தன் கம், பூச்சு வழியாமல் பிடித்துக்கொள்ள. 1400 வரிசை எண்கள் மாற்றியமைத்த ஸ்டார்ச் வகைகள். இவை எதுவும் இல்லாத பாக்கெட் சுத்தமானது என்று சிலர் தேடி வாங்குகிறார்கள். வாங்கலாம், ஆனால் அதனிடம் மொறுமொறுப்பைக் கேட்கக் கூடாது.

பஜ்ஜிக்கடை:

சார் சொன்னது சரி. நான் அடுப்புப் பக்கத்துச் சமாச்சாரத்தைச் சொல்றேன்.

பூச்சு இல்லாத பாக்கெட்டுக்கு 200 டிகிரி வேண்டாம்மா. ஏர் ஃப்ரையரை 3 நிமிஷம் காலியா சூடு பண்ணுங்க. 180 டிகிரியில் 12 நிமிஷம், நடுவுல ரெண்டு தடவை கூடையைக் குலுக்குங்க. கடைசி 2 நிமிஷம் மட்டும் 200. முதல்ல ஈரம் போகணும், அப்புறம்தான் நிறம். 4 லிட்டர் கூடைன்னா 250 கிராமுக்கு மேல போடாதீங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா அது பொரியாது, ஆவியில வேகும். துவண்டு போறதுல பாதி இந்தக் கூட்ட நெரிசல்தான்.

எண்ணெயில பொரிக்கறதா இருந்தா 175 முதல் 180 டிகிரி. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு தடவைக்கு 150 கிராம். அதுக்கு மேல கொட்டினா எண்ணெய் சூடு சட்டுனு இறங்கி, கிழங்கு எண்ணெய் குடிச்சிடும். பாக்கெட்டைப் பிரிச்சதும் அதுல ஒட்டியிருக்கற பனித்தூளை உதறிட்டுப் போடுங்க. இல்லேன்னா எண்ணெய் பொங்கி வெளியில வரும், கை வெந்துரும். போட்ட முதல் அரை நிமிஷம் கரண்டியால தொடவே கூடாது. பூச்சு பிடிக்கறதுக்கு முன்னாடி கிளறினா உரிஞ்சு எண்ணெயில மிதக்கும். சத்தம் அடங்கி, குமிழ் குறைஞ்சா ஈரம் போச்சுன்னு அர்த்தம். நிறத்தை நம்பாதீங்க, சத்தத்தை நம்புங்க.

உருகவிட்டுப் பொரிக்கறது பெரிய தப்பு. ஃப்ரீஸர்ல இருந்து நேரா எண்ணெய்க்கு. உருகினா மேல தண்ணி கோத்துக்கும், பூச்சு கூழாயிடும்.

எடுத்ததும் டிஷ்யூ பேப்பர் மேல குவிக்காதீங்க. அடியில ஆவி நின்னு நமத்துப் போகும். கம்பி வலைத் தட்டுல பரப்புங்க. உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் பரிமாறுற நிமிஷத்துல. டப்பாவுல போட்டு மூடி ஸ்கூலுக்குக் கொடுத்து அனுப்பற பண்டம் இது இல்ல. அதுக்குக் கட்லெட்தான் லாயக்கு.

ரொறொன்ரோ தாச்சி:

ஓவனில் செய்யிற ஆக்களுக்கு ஒரு குறிப்பு. தட்டை வெறுமனே உள்ளே வைத்து 220 டிகிரிக்கு (பரனைட்டில் 425) சூடாக்குங்கோ. பிறகு அந்தச் சூடான தட்டில்தான் உறைந்த துண்டுகளைப் பரப்ப வேணும். குளிர்ந்த தட்டில் வைத்தால் அடிப்பக்கம் ஒட்டிக் குழைஞ்சு போகும். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி. 10 நிமிசத்தில் திருப்பி, இன்னும் 8 நிமிசம். ஓவன் ஏர் ஃப்ரையரைப் போல காற்றை வேகமாகச் சுழற்றாது, அதனால் சூடு கூட வைக்க வேண்டியிருக்கு. பூச்சு இல்லாததுக்கு 200 போதும், நேரத்தைக் கூட்டுங்கோ. கடைசியில் கதவை ஒருக்கால் திறந்து ஆவியை வெளியே விடுறது நல்லது.

ஆனால் எனக்குப் படுறது, இங்கே யாரும் இன்னும் கிழங்கின் இனத்தைப் பற்றிச் சொல்லேல்லை. வட அமெரிக்காவில் பாக்கெட்டில் வாறது அநேகமாக போரிகார்ட், கவிங்டன் மாதிரியான செம்மஞ்சள் சதைக் கிழங்கு. அவிச்சால் ஈரமாக, குழைவாக வரும். தோல் சிவப்பாகவும் சதை வெள்ளையாகவும் இருக்கிற வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளிக்கு எங்கட பேர்) அப்படி இல்லை. மாப்பிடிப்பு, நீர் குறைவு, இனிப்பும் கொஞ்சம் குறைவு. வீட்டில் வெட்டி உறைய வைக்கிறதெண்டால் வெள்ளைச் சதைதான் எடுக்க வேணும். செம்மஞ்சள் நிறம் கண்ணுக்கு வடிவு, தாச்சியில் (வாணலியில்) உபத்திரவம்.

உறைகுளிர்:

இனம் பற்றிச் சொன்னது முக்கியமான விஷயம், நான் விட்டுவிட்டேன். இந்தியாவில் திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இனங்களில் பூ சோனா செம்மஞ்சள் சதை, பூ கிருஷ்ணா ஊதாச் சதை. பொங்கல் சமயத்தில் நம் சந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் சிவப்புத் தோல், வெள்ளை அல்லது இளமஞ்சள் சதை. ஃப்ரைஸுக்கு அதுவே போதும். வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். 'டக்'கென்று முறிந்து, வெள்ளைப் பால் கசிந்து, அது விரலில் பிசுபிசுவென ஒட்டினால் புதுக் கிழங்கு.

வடவள்ளி வாசகி:

எல்லாருக்கும் நன்றி. 180 டிகிரி முறையில் நுனி கருகலே. வெள்ளைக் கிழங்கு அரை கிலோ இருக்கு. வீட்டிலேயே உறைய வைக்கும் முறையை அளவோடு சொல்ல முடியுமா? இன்னொரு கேள்வி: ஆப்ப சோடா போட்ட மாவில் முக்கிப் பொரிச்சா கிழங்கு ஓரம் பச்சையா மாறுது. கெட்டுப் போனதா? கட்லெட் செஞ்சு ஃப்ரீஸரில் வெச்சா எண்ணெயில் வெடிச்சுப் பிளக்குது, அதுக்கும் வழி சொல்லுங்க.

உறைகுளிர்:

அரை கிலோ கணக்கிலேயே சொல்கிறேன்.

தோல் சீவி, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு நறுக்கி, நறுக்க நறுக்கத் தண்ணீரில் போடுங்கள். வெளியே காற்றில் கிடந்தால் கறுக்கும். நுனி ஊசியாக வரும் துண்டுகளைச் சாம்பாருக்கு ஒதுக்கிவிடுங்கள், கருகுபவை அவைதான்.

அடுத்தது பலரும் தாண்டிப் போகும் படி. ஒரு லிட்டர் கொதிக்கும் தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் 600 மில்லி குழாய்த் தண்ணீரைக் கலந்து, கிழங்கைப் போட்டு மூடி 20 நிமிஷம் வையுங்கள். நம்மூர் வெயிலுக்கு இது 65 டிகிரியை ஒட்டி வந்து நின்று, மெல்ல இறங்கும். இந்தச் சூட்டில் மாவுச்சத்து இன்னும் சரியாக வேகாது, அதனால் சர்க்கரையாக மாறுவதும் குறைவு. அதே நேரம் கிழங்கிலுள்ள இன்னொரு நொதி, செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் துண்டு குழையாமல் நிற்பது இதனால்தான். வெப்பமானி இருந்தால் 60க்கும் 65க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். 70க்கு மேல் போனால் பலன் தலைகீழாகும்.

பிறகு வேறொரு பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து, கிழங்கை 2 நிமிஷம் போட்டு எடுங்கள். நிறத்தைக் கெடுக்கும் நொதி இதில் செத்துவிடும். நீங்கள் பச்சையாக உறைய வைத்தபோது நடக்காமல் போனது இந்த வேலைதான். வினிகரின் புளிப்பு பெக்டின் கரையாமலும் காக்கும். இரும்புப் பாத்திரம் வேண்டாம். கிழங்கிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் இரும்போடு சேர்ந்தால் கரும்பச்சைச் சாம்பலாகும். எவர்சில்வர் போதும்.

வடிகட்டி, துணியில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே 20 நிமிஷம். தொட்டால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது.

பூச்சுக்கு கார்ன்ஃப்ளார் 3 மேசைக்கரண்டி, அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, தண்ணீர் 120 மில்லி. நீர்மோர் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாகப் போட்டால் பஜ்ஜி ஆகிவிடும். கார்ன்ஃப்ளார் அடியில் தங்கும், ஒவ்வொரு தடவையும் கலக்கிவிட்டு முக்குங்கள். 170 டிகிரி எண்ணெயில் ஒன்றேகால் நிமிஷம், நிறம் மாறுவதற்கு முன் எடுத்து முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு ஃப்ரீஸரில் வைத்தால் ஆவி பனியாகி மேலே படியும்.

உறைய வைப்பது எவர்சில்வர் அல்லது அலுமினியத் தட்டில், ஒற்றை அடுக்காக, ஃப்ரீஸரைக் கடைசி எண்ணில் வைத்து. மெதுவாக உறைந்தால் உள்ளே பெரிய பனிக்கட்டிகள் வளர்ந்து செல் சுவரைக் கிழிக்கும். உருகும்போது அந்தக் கிழிசல் வழியாகத்தான் தண்ணீர் ஒழுகுகிறது. உங்கள் ஸ்பாஞ்ச் அப்படி வந்ததே. தொழிற்சாலையில் மைனஸ் 35 டிகிரிக் காற்றை அடித்துச் சில நிமிஷங்களில் முடிப்பார்கள். வீட்டில் அது நடக்காது, ஆகவே மெல்லிய துண்டு, குறைந்த அளவு, உலோகத் தட்டு. கல்லாக உறைந்த பின் காற்றை அழுத்தி வெளியேற்றி ஜிப் பையில் போடுங்கள். கதவுப் பக்கம் வைக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது, அதற்கு மேல் எண்ணெய்க் காறல் வாடை வரும்.

பொரிக்கும்போது 180 டிகிரியில் இரண்டரை முதல் மூன்று நிமிஷம்.

பஜ்ஜிக்கடை:

சார், அந்த 20 நிமிஷ வெந்நீர்க் குளியல் இல்லாமலும் நல்லா வருமே. கடையில யாருக்கு நேரம் இருக்கு? நேரா கொதிநீர் 3 நிமிஷம், அப்புறம் பூச்சு. வெள்ளைக் கிழங்குக்கு அது போதும்.

வாசகி அம்மா, பச்சை நிறம் கெட்டுப் போனது இல்ல. சோடா அமிலத்துக்கு எதிரான காரப்பொருள். சார் சொன்ன அதே குளோரோஜெனிக் அமிலம் காரத்துல பச்சையாகும். சாப்பிடலாம், ஒண்ணும் பண்ணாது, பார்க்கத்தான் நல்லா இருக்காது. சர்க்கரைவள்ளி பஜ்ஜிக்குச் சோடாவை விட்டுடுங்க. ரெண்டு ஸ்பூன் காய்ச்சின எண்ணெயை மாவுல ஊத்துங்க, மொறுமொறுப்பு தானா வரும்.

கட்லெட் வெடிக்கறதுக்கு மூணு காரணம். கிழங்குல ஈரம் அதிகம், பிரெட் தூள் பூச்சுல ஓட்டை, இல்லேன்னா எண்ணெய் சூடு அதிகம். கிழங்கைத் தண்ணியில வேகவைக்காதீங்க. தோலோட முழுசா ஆவியில வேகவெச்சு, உரிச்சு, அகலத் தட்டுல உதிர்த்து ஆறவிடுங்க. ஆவி வெளியே போனாலே ஈரம் குறையும். 500 கிராம் கிழங்குக்கு வேகவெச்ச உருளைக்கிழங்கு 100 கிராம், பொடிச்ச அவல் 4 மேசைக்கரண்டி. வதக்கின வெங்காயம் போடறதா இருந்தா நல்லா சுருள வதக்கணும். பச்சை வெங்காயம் போட்டா உறைஞ்சு உருகறப்ப தண்ணி விடும், அங்கேதான் பிளக்கும். இஞ்சி, பச்சை மிளகாய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கண்டிப்பா வேணும். இல்லேன்னா இனிப்புதான் தூக்கலா நிக்கும்.

ஒண்ணு 50 கிராம், ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன். மைதா 3 ஸ்பூனுக்கு தண்ணி 6 ஸ்பூன் கரைச்சு முக்கி, பிரெட் தூள்ல புரட்டி, பத்து நிமிஷம் விட்டு இன்னொரு தடவை முக்கிப் புரட்டுங்க. ஓரம் விட்டுப் போகாம பாருங்க. உறைஞ்சதை நேரா 165 டிகிரி எண்ணெயில 5 நிமிஷம். 180ல போட்டா மேல சிவந்துரும், உள்ள பனிக்கட்டி அப்படியே இருக்கும், அப்புறம் ஆவி முட்டி வெடிக்கும்.

உறைகுளிர்:

வெள்ளைக் கிழங்கு, அன்றைக்கே பொரிப்பது என்றால் நீங்கள் சொல்வது சரி. உறைய வைத்து ஒரு மாதம் கழித்து எடுக்கும்போதுதான் அந்த 20 நிமிஷத்தின் அருமை தெரியும். செம்மஞ்சள் கிழங்குக்கு அது இல்லாமல் முடியாது.

சிராங்கூன் சாலை:

மொறுமொறுப்பையே துரத்த வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. ஜப்பானில் சுட்ட கிழங்கை அப்படியே உறைய வைத்து, பாதி உருகிய நிலையில் ஐஸ்கிரீம் போலச் சாப்பிடுகிறார்கள். இங்கே சிங்கப்பூரில் டொன் டொன் டொங்கி கடைகளில் சுட்ட கிழங்கு சூடாகக் கிடைக்கும். வாங்கி உறைய வைத்தாலும் சரி, வீட்டில் சுட்டாலும் சரி.

பெனி ஹருகா, அன்னோ போன்ற குழைவான இனங்கள்தான் இதற்கு. முழுக் கிழங்கைக் கழுவித் துடைத்து, ஓவனில் 160 டிகிரியில் 90 நிமிஷம். சூடு மெதுவாக ஏறுவதால் உறைகுளிர் முதலில் சொன்ன பீட்டா அமைலேஸ் நொதிக்கு அவகாசம் கிடைக்கும், கிழங்கு தேனாகக் கசியும். ஃப்ரைஸைக் கெடுக்கும் அதே சங்கதி இங்கே தேவைப்படுகிறது. ஆறியதும் ஒவ்வொன்றாக இறுகச் சுற்றி உறைய வைத்து, சாப்பிடும் முன் 20 அல்லது 30 நிமிஷம் வெளியே எடுத்து வைத்தால் கத்தி இறங்கும். சர்க்கரை அதிகம் என்பதால் நீர் முழுக்கக் கட்டியாகாமல் இருக்கும், அதனால்தான் வழவழப்பு. நம்மூர் வெள்ளைக் கிழங்கில் இதைச் செய்தால் உறைந்த சுண்ணாம்புதான்.

வடவள்ளி வாசகி:

அருமை. பூ சோனா கிடைத்தால் இதையும் செய்து பார்க்கிறேன். கடைசியா ஒன்று: மிச்சமிருக்கும் பச்சைக் கிழங்கை ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைக்கலாமா?

உறைகுளிர்:

வேண்டாம். 12 டிகிரிக்குக் கீழே பச்சைக் கிழங்கு குளிரால் அடிபடும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் கட்டையாக நிற்கும். அதை ஃப்ரைஸாகப் போட்டால் ஒரு கடி மெத்தென்றும் அடுத்த கடி மரக்கட்டையாகவும் வரும். கூடையில் போட்டு, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கழுவாமல்.

பஜ்ஜிக்கடை:

பாக்கெட்டாவே வாங்கறதா இருந்தா கடையிலேயே குலுக்கிப் பாருங்க. துண்டு துண்டா கலகலன்னு உருளணும். ஒரே கட்டியா ஒட்டியிருந்தா நடுவுல எங்கேயோ உருகி மறுபடி உறைஞ்சிருக்கு, எடுக்காதீங்க. வீட்டுல கரண்டு போய் மெத்துனு ஆயிட்டா திரும்ப உறைய வைக்காம அன்னிக்கே பொரிச்சுடுங்க. ரொம்ப நேரம் வெதுவெதுப்பாவே கிடந்திருந்தா தூக்கிப் போட்டுடுங்க.